சேறு ஏன் காலை விடுவதில்லை?

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் சேத்தூர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்தபின் இவ்வூரைச் சுற்றியுள்ள கண்மாய்களில் நீர் பெருகும். வயல்களில் தொளி கலங்கிக் கிடக்கும். மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே செல்லும் வண்டிப் பாதைகள் முழுவதும் சேறாகிவிடும். எல்லோரும் அந்தச் சேற்றை விட்டு ஒதுங்கித்தான் நடப்பார்கள். ஆனால் சென்ற ஆண்டு கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நாங்கள் இருபத்து நான்கு பேர் அந்தச் சேற்றைத் தேடிச் சென்று அதில் ஓடினோம்!

எங்களுடையது மிகச் சிறிய ஓட்டக் கழகம். நூற்பாலைத் தொழிலாளர் இருவர், ஒரு பள்ளி ஆசிரியர், காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், சில கல்லூரி மாணவர்கள், இவர்களோடு நாற்பத்தைந்து வயதான நான். பக்கத்து ஊர்க் கழகத்தாரோடு ஆறு கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். களத்துமேட்டில் தொடங்கி, தோப்பைக் கடந்து, கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, தரிசு நிலத்தின் வழியே மீண்டும் களத்துமேட்டுக்கு வரவேண்டும்.

இத்தகைய ஓட்டத்தில் வெற்றியைக் கணக்கிடும் முறை வேடிக்கையானது. ஒவ்வொரு கழகத்திலும் முதலில் வரும் நால்வர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி. கூட்டுத்தொகை எந்தக் கழகத்துக்குக் குறைவோ, அதுவே வென்றதாகும். ஆகவே முதலில் வருபவரைப் போலவே நான்காவதாக வருபவரும் முக்கியமானவர். எங்கள் கழகத்தின் நான்காவது ஆள் நான்தான்.

நான்காவது கிலோமீட்டரில் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கிய இடத்தில் என் இடது கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. வேகமாக இழுத்தேன், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் பலமாக இழுத்தேன். கால் வந்தது, காலணி வரவில்லை! நிலை தடுமாறி இரு கைகளையும் ஊன்றி விழுந்தேன். பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னைக் கடந்து சென்றார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இழுக்காதீங்க தம்பி. அசைச்சு அசைச்சு எடுங்க. காத்து உள்ள போனாத்தான் சேறு விடும்."

அவர் சொன்னபடியே காலணியை முன்னும் பின்னும் அசைத்தேன். 'களக்' என்ற ஓசையுடன் அது எளிதாக வெளியே வந்துவிட்டது. வளிமண்டல அழுத்தத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் பாடம் நடத்துபவன் நான். நீர் நிறைந்த டம்ளரின் வாயில் அட்டையை வைத்துக் கவிழ்த்துக் காட்டுவேன். அட்டை விழாதிருப்பதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள். அதே அழுத்தம் என் காலைப் பிடித்துக்கொண்டபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

சேற்றில் ஓடுவது ஏன் கடினம்? அதில் சிக்கிய காலை எப்படி எடுப்பது? இவற்றைத் தெரிந்துகொள்வதால் பந்தயத்தில் மட்டுமன்றி வேறு இடத்திலும் பயன் உண்டு. அது என்னவென்று கடைசியில் காண்போம்.

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் கதை

பாதையை விட்டு வயல், ஓடை, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் கடந்து ஓடும் இவ்விளையாட்டு இங்கிலாந்துப் பள்ளிகளில் பிறந்தது. இரக்பி என்னும் பள்ளியின் மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வாறு ஓடினார்கள். 1868-இல் இலண்டனில் இதற்கென்றே ஒரு கழகம் தோன்றியது. 1903-இல் ஸ்காட்லாந்தில் முதல் பன்னாட்டுச் சாம்பியன் போட்டி நடந்தது. குளிர்காலமே இதற்குரிய பருவம். அறுவடை முடிந்து வயல்கள் காலியாக இருக்கும். மழையாலும் பனியாலும் தரை ஊறியிருக்கும்.

1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் பந்தயங்களிலும் இவ்வோட்டம் இடம்பெற்றது. 1924-இல் பாரிஸ் நகரில் கடும் வெயிலில் ஓடிய 38 பேரில் 15 பேர்தான் முடிவு எல்லையை அடைந்தனர். வென்றவர் பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மி. பலர் வழியில் மயங்கி விழுந்தனர். அதன்பின் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வோட்டம் நீக்கப்பட்டது. உலகச் சாம்பியன் போட்டிகள் 1973 முதல் நடந்து வருகின்றன. 2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரில் நடந்த போட்டியில் ஓடுபாதையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே சேறாக்கி வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் தேசிய அளவிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலும் கிராஸ் கன்ட்ரி ஓட்டங்கள் நடைபெறுகின்றன.

தரை திருப்பித் தருவது

ஓடும்போது நமது உடல் ஏறக்குறைய ஒரு பந்தைப் போலத் துள்ளிச் செல்கிறது. பாதம் தரையில் பதியும்போது குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் இரப்பர் நாடாவைப் போல நீள்கிறது. உள்ளங்காலின் வளைவு அழுந்துகிறது. பாதம் மேலெழும்போது இவை இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் என்ற உயிரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1987-இல் இதைக் கணக்கிட்டனர். 70 கி.கி. நிறையுள்ள ஒருவர் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் கைமாறுகிறது. இதில் தசைநாண் சுமார் 35 ஜூலையும், பாத வளைவு சுமார் 17 ஜூலையும் சேமிக்கின்றன. அதாவது பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் சேமிப்பில் வைக்கப்படுகிறது!

தார்ச்சாலையில் இந்தச் சேமிப்பு ஒழுங்காக நடைபெறும். ஏனெனில் சாலை அமுங்குவதில்லை. சேறு அமுங்குகிறது. அமுங்கியது மீண்டும் எழுவதில்லை. அதில் நாம் செலுத்திய ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போகிறது.

எவ்வளவு ஆற்றல் வீணாகிறது? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 50 கி.கி. நிறையுள்ள மாணவனின் எடை சுமார் 500 நியூட்டன். அவன் பாதம் ஒவ்வோர் அடியிலும் 5 செ.மீ., அதாவது 0.05 மீட்டர் புதைகிறது எனக் கொள்வோம். செய்யப்படும் வேலை = விசை × தொலைவு = 500 × 0.05 = 25 ஜூல். ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிகள். ஆகவே 25,000 ஜூல் சேற்றுக்குள் போய்விடுகிறது. நமது தசைகளின் திறன் சுமார் 25 விழுக்காடுதான். எனவே இந்த வேலையைச் செய்ய உடல் 1,00,000 ஜூல், அதாவது சுமார் 24 கிலோ கலோரி செலவிட வேண்டும். கடினத் தரையில் அதே மாணவன் ஒரு கிலோமீட்டர் ஓடச் செலவாவது ஏறத்தாழ 50 கிலோ கலோரி. ஆகவே சேற்றில் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது.

நம் கணக்கு தோராயமானதுதான். எனினும் உண்மைக்கு வெகுதூரத்தில் இல்லை. 1998-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் மணலில் ஓடுபவர்களை அளந்து பார்த்தபோது, கடினத் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாவதைக் கண்டனர். ஆகவே, சாலையில் ஓடும் அதே வேகத்தில் சேற்றிலும் ஓடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் பாதி வழியிலேயே களைத்துவிடுவார். வேகத்தைக் குறைத்து, ஒரே அளவாக மூச்சு வாங்கும்படி ஓடுவதே அறிவுடைமை.

சேறு திடமா, திரவமா?

இரண்டும்தான்! பற்பசைக் குழாயைத் திறந்து கவிழ்த்துப் பிடியுங்கள். பசை தானாக விழுவதில்லை. திடப்பொருள் போல நிற்கிறது. சற்று அழுத்தினால் திரவம் போல வழிகிறது. குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே அழுத்தினால் திடம்; அந்த அளவைத் தாண்டினால் திரவம். சேற்றின் இயல்பும் இதுவே.

நிற்பவரின் பாதம் சேற்றின் மீது செலுத்தும் அழுத்தத்தைப் பாருங்கள். பாதத்தின் பரப்பு சுமார் 150 சதுர செ.மீ., அதாவது 0.015 சதுர மீட்டர். ஒற்றைக் காலில் நின்றால் அழுத்தம் 500 ÷ 0.015, அதாவது சுமார் 33,000 பாஸ்கல். ஓடும்போது பாதம் தரையைத் தாக்கும் விசை எடையைப் போல இரண்டரை மடங்கு வரை உயரும். அழுத்தமும் 80,000 பாஸ்கலைத் தாண்டும். நடப்பவரைத் தாங்கும் அதே தரை ஓடுபவரைத் தாங்காமல் வழிந்து போவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. கலக்கக் கலக்கச் சேறு மேலும் இளகுகிறது. சும்மா விட்டால் மெல்ல மெல்ல இறுகுகிறது. ஆகவே முதலாவதாக ஓடுபவருக்குக் கிடைக்கும் தரை வேறு, இருபதாவதாக வருபவருக்குக் கிடைக்கும் தரை வேறு. முன்னே சென்றவர்கள் மிதித்துக் கூழாக்கிய தடத்தை விட்டு, ஓரத்தில் புல் முளைத்த இடமாகப் பார்த்து ஓடுவது நல்லது. புல்லின் வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும்.

இழுத்தால் இறுகுவது ஏன்?

இப்போது என் காலணிக்கு வருவோம். புதைந்த பாதத்தை மேலே தூக்கும்போது அதன் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாக வேண்டும். தண்ணீராக இருந்தால் உடனே பாய்ந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். சேறு பாகைப் போல மந்தமாகத்தான் நகரும். அது வந்து நிரப்புவதற்குள் பாதத்தின் அடியில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. மேலே உள்ள வளிமண்டலமோ பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நாம் "சேறு இழுக்கிறது" என்கிறோம். உண்மையில் காற்றுதான் அழுத்துகிறது!

வளிமண்டல அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். 0.015 சதுர மீட்டர் பரப்புள்ள பாதத்தின் அடியில் முழு வெற்றிடமே ஏற்பட்டால் அதன் மீது செயல்படும் விசை 1,500 நியூட்டன். இது சுமார் 150 கி.கி. நிறையின் எடைக்குச் சமம். நடைமுறையில் முழு வெற்றிடம் ஏற்படுவதில்லை. அதில் கால் பங்கு ஏற்பட்டாலும் காலணி கழன்றுவிடப் போதுமானது. வேகமாக இழுத்தால் சேறு வந்து நிரம்ப நேரம் இல்லை. அழுத்தம் மேலும் குறையும். பிடி மேலும் இறுகும். மெல்ல அசைத்தால் பாதத்தின் ஓரமாக ஒரு சந்து உண்டாகும். அதன் வழியே காற்றோ நீரோ உள்ளே புகும். அடியிலும் மேலும் அழுத்தம் சமமாகும். உடனே பிடி விட்டுப்போகும். பெரியவர் சொன்னது முற்றிலும் சரியான இயற்பியல்.

மாட்டின் குளம்பைக் கவனித்திருக்கிறீர்களா? அது இரண்டாகப் பிளவுபட்டது. சேற்றில் ஊன்றும்போது விரிகிறது, தூக்கும்போது ஒடுங்குகிறது. வயலில் நிற்கும் கொக்கும் நீண்ட விரல்களை விரித்து ஊன்றி, மடக்கிக்கொண்டு தூக்குகிறது. ஊன்றும்போது பரப்பு அதிகம் என்பதால் அழுத்தம் குறைவு. எடுக்கும்போது பரப்பு குறைவு என்பதால் பிடியும் குறைவு. நாற்று நடும் பெண்கள் தொளியில் காலை நேராக உருவுவதில்லை. குதிகாலை முதலில் சாய்த்துத் தூக்கி, விரல்களைக் கடைசியாக எடுக்கிறார்கள். இதை வயல் வரப்பில் நின்று நீங்களே பார்க்கலாம்.

வழுக்கலும் சுமையும்

முன்னே செல்வதற்கு நாம் தரையைப் பின்னே தள்ள வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை நம்மை முன்னே தள்ளும். இதற்கு உராய்வு தேவை. ஈரக் களிமண்ணின் மேல் உள்ள நீர்ப்படலம் உராய்வைக் குறைத்துவிடுகிறது.

வளைவில் இத்தொல்லை அதிகம். வளைவில் திரும்பத் தேவையான உராய்வுக் குணகம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆரம் 5 மீட்டர், வேகம் நொடிக்கு 4 மீட்டர் எனில், 16 ÷ (5 × 10) = 0.32 தேவை. வேகத்தை 3 மீட்டராகக் குறைத்தால் 9 ÷ 50 = 0.18 போதும். வேகத்தில் கால் பங்கைக் குறைத்தால் தேவையான உராய்வு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது! இதனால்தான் தேர்ந்த ஓட்டக்காரர்கள் சேற்று வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, அடியைக் குறுக்கி, காலை உடலுக்கு நேர்கீழே ஊன்றுகிறார்கள். ஒரு செ.மீ.க்கு மேல் நீளமுள்ள ஆணிகள் பதித்த காலணிகளை அணிவதும் உண்டு. அவை வழுக்கும் மேற்படலத்தைக் குத்தி, கீழே உள்ள உறுதியான மண்ணைப் பற்றிக்கொள்கின்றன.

எங்கள் பகுதியில் மலையடிவாரத்தில் செம்மண். கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். செம்மண் சேறு வழுக்கும். கரிசல் சேறு ஒட்டும். கரிசலில் உள்ள களித்துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடவும் சிறியவை. தகடுகளுக்கு இடையே நீர் புகுவதால் கரிசல் உப்புகிறது. கோடையில் அந்நீர் வெளியேறுவதால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. பாதி ஈரத்தில் இத்தகடுகள் நீரைப் பசைபோல் கொண்டு எதனோடும் ஒட்டிக்கொள்ளும். கரிசலில் நூறு அடி நடந்தால் காலில் ஒரு கட்டியே சேர்ந்துவிடும். ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் ஆற்றல் செலவு சுமார் ஒரு விழுக்காடு கூடும் என்று கண்டறிந்துள்ளனர். அரைக் கிலோ மண் ஒட்டினால் ஐந்து விழுக்காடு! வழியில் புல்தரை கிடைக்கும்போது காலைத் தேய்த்துக்கொள்வது நேர நட்டமன்று.

கண்மாயில் கால் சிக்கினால்

இனி, முக்கியமான செய்தி. மழைக்காலத்தில் கண்மாய்களிலும் குளங்களிலும் குளிக்க இறங்கும் சிறுவர்கள் சேற்றில் சிக்கியும் பள்ளத்தில் விழுந்தும் இறக்கும் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. மண் எடுத்த குழிகள் நீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியா. ஆகவே ஆழம் தெரியாத கண்மாயில் இறங்கவே கூடாது. ஓட்டப் பந்தயம் நடத்துபவர்களும் பாதையை முதல் நாளே நடந்து பார்த்து, நீர் நிற்கும் இடங்களை விலக்க வேண்டும்.

சேறு ஆளை முழுவதுமாக விழுங்கிவிடும் என்று கதைகளில் வருவது உண்மையன்று. 2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதைமணலை ஆராய்ந்தார்கள். அதன் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே மனிதன் இடுப்பளவுக்குமேல் அதில் மூழ்குவதில்லை. ஆனால் அடியில் படிந்து இறுகிய மணலிலிருந்து ஒரு பாதத்தை நொடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில் இழுக்க 10,000 நியூட்டன் விசை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு காரைத் தூக்கும் விசை அது! சேறு நம்மை விழுங்குவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர்மட்டம் உயரும் இடத்தில் அந்தப் பிடியே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

சிக்கிக்கொண்டவர் பதறித் துள்ளக் கூடாது. துள்ளினால் சேறு இளகி மேலும் புதையும். நீர் இல்லாத சேறாயின் மெல்லப் பின்னால் சாய்ந்து, உடலின் எடையைப் பெரிய பரப்பில் பரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்க வேண்டும். உழவர்களின் பரம்புப் பலகை சேற்றில் புதையாமல் சறுக்கிச் செல்வதும் பரப்பின் பெருமையால்தான். உதவிக்கு வருபவர் தாமும் சேற்றில் இறங்கக் கூடாது. உறுதியான தரையில் நின்றோ படுத்தோ கயிறு, துண்டு, கம்பு எதையாவது நீட்ட வேண்டும். உடனே பெரியவர்களைக் கூவி அழைக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமிகள் இருக்கலாம். கருவேல முள் குத்திய புண் வழியே அவை உடலில் புகும். ஆழமாகக் குத்தியிருந்தால் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு தகர டப்பா மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இடுங்கள். இரண்டிலும் நடுவில் கம்பிக் கொக்கி ஒன்றைப் பொருத்தி, கொக்கி நுழையும் துளையை மெழுகால் அடையுங்கள். ஒரு வாளியில் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, மூடிகளை அதில் அழுத்திப் பதியுங்கள். பள்ளி ஆய்வகத்தின் வில் தராசைக் கொக்கியில் மாட்டி மெல்ல இழுங்கள். பின் வேகமாக இழுங்கள். எந்த மூடிக்கு, எந்த வேகத்தில் அதிக விசை தேவைப்பட்டது என்று அட்டவணையில் குறியுங்கள். துளையுள்ள மூடி ஏன் எளிதில் வந்தது என்பதை இப்போது நீங்களே நண்பர்களுக்கு விளக்கலாம்.

எங்கள் ஓட்டத்தின் முடிவைச் சொல்லவில்லையே! காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடி முடிப்பதற்குள் நான் நான்கு இடங்களை இழந்திருந்தேன். எங்கள் கழகம் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சேற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் வகுப்பில் வளிமண்டல அழுத்தத்தைப் பற்றிய பாடம் வந்தது. டம்ளரையும் அட்டையையும் எடுத்து வைத்தேன். அவற்றின் பக்கத்தில் ஒரு வாளிச் சேற்றையும் என் இடது காலணியையும் வைத்தேன்.